ஆறு மணிக் குளிசை

அம்பகாமத்துக் காட்டோரம்
என்ர ஒழுங்கை ஒரு மீற்றர் அகலம்.
பதினொரு வருசம் முழங்காலில் நின்று
கருவி கத்தினால் நிறுத்தி
மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டி
விரற்கடை விரற்கடையாய் முன்னே போனவள் நான்.
பெரும்பாலும் ஆணி.
சோடா மூடி. ஒருமுறை, குழந்தைக் கொலுசின் திருகு.
சிலவேளை, அது.

கருவியின் சத்தத்தில்
ஆணியையும் அதையும் பிரித்தறிந்த எனக்கு
நெஞ்சுக்குள் கேட்டது விளங்கவில்லை.
குளக்கட்டில் ஏறினால் இளைத்தது.
வெயில் என்றேன்.

கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் நாடி பிடித்த தாதி
மணிக்கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
முதலிலிருந்து திரும்ப எண்ணினாள்.
மூன்று அடி.
ஒன்றுமில்லை.
அவசர அவசரமாய் இரண்டு.

டொக்ரர் துண்டின் பின்பக்கத்தில் நாலு அறை கீறினார்.
"மேலறை அடிக்கேல்லை, நடுங்குது.
வால்வு சின்னனிலேயே சுருங்கியிருக்கு.
தொண்டை நோவும் மூட்டு வீக்கமுமாய்க் கிடந்தனீங்களோ?"
கிடந்தேன். எந்த இடம்பெயர்விலே என்பதுதான் நினைவில்லை.
"தேங்கின இரத்தம் உறையும்.
உறைஞ்ச துண்டு கிளம்பி மூளைக்குப் போனால்
பாரிசவாதம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
உள்ளே கிடக்கு, எப்ப வெடிக்கும் தெரியாது.
டொக்ரர், இது என்ர தொழில்.

வோபரின் தந்தார்கள். ஒரு நீலம், ஒரு மண்ணிறம்.
மாதமொருமுறை இரத்தம் சோதித்தால்
இலக்கம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கவேணும்.
இறங்கினால் உறையும்,
ஏறினால் பல் தீட்டவே முரசு கசியும்.
முருங்கையிலை தின்னலாம்,
ஒரு கிழமை சட்டி நிறைய,
மறு கிழமை வாசமே இல்லை என்று வேண்டாம்.
இடுப்பு நோவுக்குக் கடையில் குளிசை
கேட்டு வாங்கவே கூடாது.

இரத்தம் இளகினவளை
ஒழுங்கைக்குள் விடமாட்டோம் என்றது அலுவலகம்.
கூடாரத்தில் கதிரை, வோக்கி, பதிவேடு.
யார் உள்ளே, யார் வெளியே.

மாசியில் பஸ் ஓடவில்லை. கிளினிக் தவறியது.
குளிசை முடிந்து ஒன்பது நாள்.
சுகமாய்த்தானே இருக்கிறேன் என்று
எனக்கு நானே சான்றிதழ் எழுதினேன்.

பத்தாம் நாள், ஒன்பது இருபது.
'மூன்றாம் ஒழுங்கை தொடங்கலாம்' என்று சொல்லவேணும்.
மூ என்றேன்.
மூ. மூ.
பேனை விழுந்தது. விழுந்தது தெரிந்தது,
கைதான் போகவில்லை.

"சிரி பாப்பம்" என்றாள் அனற்றா.
"ரெண்டு கையையும் தூக்கு."
வலது தன்பாட்டில் இறங்கியது.
அவள் விசில் ஊதினாள்.
காடு முழுக்க வேலை நின்றது.

கிழமைக்கொருமுறை ஒத்திகை பார்ப்போம்:
தூக்குப்படுக்கை, நாலு பேர், அம்புலன்ஸ், நிமிடக் கணக்கு.
ஒரு மூட்டை மண்ணைக் கிடத்தித்தான் ஓடுவோம்.
அதில் முதலில் கிடந்த ஆள்
ஒரு துளி இரத்தம் சிந்தாமல் கிடந்தாள்.
என் மணிக்கட்டில் பேனையால் 9.20 என்று
அனற்றா அழுத்தி எழுதினாள்.
"இதைத்தான் முதல்ல கேப்பினம்."

முறிகண்டியில் நிற்காமல் போன
முதல் பயணம் அதுதான்.
கோயில் கண்ணாடியில் வழுக்கிப் போகையில்
நாக்குத் திரும்பிவந்தது.
வந்த முதற்சொல், பிள்ளையாரே என்றில்லை,
கச்சான்.
அனற்றா அழுதபடி சிரித்தாள்.

"இந்த முறை திருப்பித் தந்திட்டுது" என்றார் டொக்ரர்.
மேலே ஒன்றும் சொல்லவில்லை.

துப்புரவாக்கிய காணியைக் கையளிக்கும் நாளில்
தாள் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள்,
அடுத்த மழைக்கு யாரோ கச்சான் போடுவார்கள்.
என் காணிக்கு அப்படி ஒரு நாள் இல்லை.
சிவப்புத் தடியை நகர்த்தி நகர்த்தி
இன்றைக்கு மட்டும்.

பின்னேரம் பதிவேட்டில் கடைசி வரி எழுதுவேன்:
எல்லோரும் வெளியே.
அதற்குக் கீழே, விதியில் இல்லாத ஒரு வரி:
6.00. ஒரு நீலம், ஒரு மண்ணிறம்.
மேலதிகாரி ஒருமுறை புருவம் உயர்த்தினார்,
வெட்டவில்லை.

'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில்
வெறும் குளிசை மட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
அனற்றா கையெழுத்து வைக்கிறாள்.